தண்டுவடப் பாதிப்புக்குப் பிறகு தனி வீடு: உதவியாளரோடு சுயமாக வாழ முழுமையான வழிகாட்டி

"அண்ணே, ஆளு கிடைச்சுட்டான். வீடும் பார்த்தாச்சு. ஒண்ணாம் தேதி பால் காய்ச்சுறோம்." இப்படி ஒரு போன் வந்தால் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் முதலில் வரும். ஆளையும் வீட்டையும் முதலில் பிடித்தவர்களில் பெரும்பாலோர் மூன்று நான்கு வாரத்தில் படுக்கைப்புண்ணோடோ சிறுநீர்த் தொற்றோடோ பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. வரிசைதான் தலைகீழ்.

எனக்குக் கழுத்தில் சி6 மட்டத்தில், அதாவது கழுத்தின் ஆறாவது முள்ளெலும்புப் பக்கம் அடி. மணிக்கட்டைத் தூக்க முடியும், விரல்களை மடக்க முடியாது, நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. திருச்சியில் வாடகை வீட்டில் உதவியாளர்களோடு இருக்கிறேன். எனக்குப் பின்னால் தனி வீடு போனவர்கள் சிலரோடு கூடவே இருந்திருக்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி வந்தது. முதுகில் அடிபட்டு கைகள் நன்றாக இருப்பவர்கள் சில படிகளைச் சுருக்கிக்கொள்ளலாம், தாண்ட வேண்டாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஏற்பாடு வேறு மாதிரி, அதை இதில் கலக்கவில்லை.

மொத்த வேலைக்கும் நான்கு முதல் ஆறு மாதம் வையுங்கள்.

1. ஏழு நாள் நோட்டு

வீடு, ஆள், பணம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டு. ஒரு வாரம் முழுக்க யார் உங்கள்மேல் கை வைத்தாலும், எதை எடுத்துக் கொடுத்தாலும், மணியோடு எழுதுங்கள். பேனா பிடிக்க முடியாவிட்டால் போனில் பேசிப் பதியுங்கள். "6.10, யூரின் பேக் காலி, 4 நிமிடம்" என்கிற அளவுக்குப் பொடிப்பொடியாக இருக்க வேண்டும்.

யாரைக் கேட்டாலும் "24 மணி நேரமும் ஆள் வேணும்" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் முதல் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் காலை 190 நிமிடம், மதியம் 40, மாலை 25, இரவு 50, நடுச்சாமத்தில் 15. ஆக 320 நிமிடம், ஐந்து மணி இருபது நிமிடம். மற்ற நேரமெல்லாம், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒருவர் இருந்தால் போதும். இந்த எண் தெரியாமல் ஆள் தேடினால், நாள் முழுக்க ஒருவரை உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பீர்கள். அவருக்கும் சலித்துப்போகும், உங்களுக்கும் கண்காணிப்பில் இருப்பது போலிருக்கும்.

நோட்டு முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாளம் போடுங்கள். ஆள் கை வைத்தே தீர வேண்டியவை, ஆள் பக்கத்தில் நின்றால் போதும் என்பவை, பொருளை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டால் ஆளே தேவைப்படாதவை. தண்ணீர் பாட்டில், சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், திரைச்சீலை. மூன்றாவது வகைதான் எல்லார் நோட்டிலும் நீளமாக இருக்கும்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான்: அம்மா செய்வது நோட்டில் ஏறாது. நாம் கேட்காமலே தலையணையை நகர்த்துவார், பேக்கைப் பார்த்துவிட்டுப் போவார். அது நமக்கே தெரியாது. அதனால் நோட்டைப் பாதி அவரிடமும் கொடுங்கள்.

2. உடம்பை மணிக்குப் பழக்குவது

அவசரப்படக் கூடாத படி இதுதான். சிறுநீர், மலம், தோல் மூன்றும் இரண்டு மாதமாவது ஒழுங்காக ஓடாமல் வீடு மாறாதீர்கள். இவை தாறுமாறாக இருந்தால் எந்த நேரத்துக்கு ஆள் வேண்டும் என்றே உங்களால் சொல்ல முடியாது. நேரம் சொல்ல முடியாத வேலைக்கு எந்த ஆளும் நிற்கமாட்டார்.

சிறுநீர்: நேரத்துக்கு நேரம் டியூப் விட்டு எடுப்பவர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில் எடுப்பார்கள். உங்கள் இடைவெளியையும், குடிக்கும் தண்ணீரையும், ஒவ்வொரு முறை வரும் அளவையும் இரண்டு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்துகொண்டிருந்தால் இடைவெளி நீளம் என்று அர்த்தம். டியூப் உள்ளேயே வைத்திருப்பவர்கள் மாற்றும் தேதியை காலண்டரில் எழுதுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போகும், தொற்று அங்கேதான் ஆரம்பிக்கும்.

மலம்: தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, ஒரே மணிக்கு. சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். சூடான காபியும் இட்லியும் ஆனபின் உட்கார்வது அதனால்தான். டல்கோலாக்ஸ் சப்போசிட்டரி (மலம் வருவதற்காக ஆசனவாயில் வைக்கும் மருந்து) வைப்பவர்களும், கையுறை போட்டு விரலால் தூண்டுபவர்களும் அதே நேரத்தை விடாமல் பிடியுங்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஒருநாள் தள்ளிப்போட்டால் மறுநாள் எந்த இடத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

தோல்: வீல்சேரில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும். கை ஊன்றித் தூக்க முடியாதவர்கள் முன்னால் குனியலாம், பக்கத்துக்குச் சாயலாம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள்வது அடிப்படை. ஏர்பெட் இருந்தாலும் புரள வேண்டும். "ஏர்பெட் வாங்கியாச்சு, இனிமே திருப்ப வேண்டாம்" என்று நம்பிப் புண் வாங்கியவர்களை எண்ணி மாளாது. இரவு படுக்கும்போது வால் எலும்பு, இடுப்பு முனை, குதிகால் மூன்றையும் போன் கேமராவில் படம் எடுக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். சிவப்பை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அந்த இடத்தில் இனி எடையே படக் கூடாது, நிறம் திரும்பும்வரை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பு என்று பார்க்க வேண்டும்.

உதவியாளர் பார்த்துச் சொல்லட்டும் என்று விடாதீர்கள். ஆள் மாறலாம், கண் உங்களுடையதாக இருக்கட்டும்.

இதை வீட்டிலேயே ஒழுங்குபடுத்த முடியவில்லை என்றால், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் புனர்வாழ்வு மையம், சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் முதலில் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் நாளை உங்களோடு இருக்கப்போகிற ஆளையும் கூட்டிப்போக முடியுமா என்று கேளுங்கள்.

3. கருவிகள், வீட்டுக்கு முன்னால்

வீட்டுக் கதவின் அளவு உங்கள் வீல்சேரைப் பொறுத்தது. வீல்சேர் முடிவாகாமல் வீடு பார்த்தால் எதை வைத்து அளப்பீர்கள்?

வீல்சேரின் வெளி அகலத்தைத் தள்ளுவளையத்தோடு சேர்த்து அளந்து, இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் சேர்த்து ஒரு எண்ணாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் உயரத்தைக் குஷன் போட்டபின் அளங்கள். கட்டில் அந்த உயரத்துக்கே வர வேண்டும். தாழ்ந்திருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கலாம், ஆசாரி அரைநாளில் குழி எடுத்துத் தருவார். உயரம் ஒன்றானால் பலகை வைத்து நகர்ந்துவிடலாம், தூக்கவே வேண்டாம். உதவியாளர்கள் வேலையை விடுவதற்குச் சம்பளத்தைவிட இடுப்பு வலிதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

இதோடு சக்கரம் வைத்த கமோடு நாற்காலி, நல்ல குஷன், டிரான்ஸ்ஃபர் பலகை. கட்டில் விளிம்பில் மணிக்கட்டு மாட்டுகிற மாதிரி இரண்டு கயிற்று வளையம், என்னைப் போல விரல் மடங்காதவர்கள் தானாகப் புரள்வதற்கு. கட்டில் கம்பியில் ஒரு வயர்லெஸ் காலிங் பெல் பொத்தான். இந்தக் கடைசிப் பொருள் சில நூறு ரூபாய்தான், தொண்டை கிழியக் கத்துவதிலிருந்து விடுதலை.

4. காகிதமும் பணமும்

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இல்லாவிட்டால் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீல அட்டை. தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக நடக்கிறது. மாவட்டம் மாறப்போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே இரண்டு அலுவலகத்திலும் பேசுங்கள், இல்லையென்றால் நடுவில் சில மாதம் பணம் நின்றுபோய் அலைய வேண்டியிருக்கும். உயிர்வாழ் சான்று கேட்கும் மாதத்தையும் குறித்து வையுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையையும் தனி உதவியாளர் போன்ற ஆதரவையும் சொல்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுபவர் என்று விண்ணப்பிக்க 38ஆம் பிரிவு இடம் தருகிறது. மனு எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் முதல் வரியிலேயே போடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். "சார், உதவி பண்ணுங்க" என்ற மனுவுக்கும் பிரிவு எண் போட்ட மனுவுக்கும் மேஜையில் கிடைக்கும் கவனம் வேறு.

வரவு செலவு எழுதும்போது வாடகை, சம்பளம், சாப்பாடு எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது இவை: கையுறை, டியூப், பை, சப்போசிட்டரி, டயாப்பர், இன்வெர்ட்டர் பேட்டரி, வீல்சேர் டியூப், உதவியாளர் லீவில் மாற்று ஆளுக்கான கூலி. இந்தப் பட்டியலைக் கூட்டினால் பலருக்கு வாடகையைத் தொட்டுவிடும். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், யூபிஐ ரகசிய எண் உங்கள் தலையில். விரல் வராதவர்கள் சுட்டுவிரல் பக்கம் ஒரு ஸ்டைலஸ் (தொடுதிரைப் பேனா) கட்டிக்கொண்டு பழகுங்கள். "நம்ம பையன்தானே" என்று எண்ணைச் சொன்ன ஒருவர், திருட்டு நடக்காமலேயே நிம்மதி இழந்தார். கணக்கில் ஐந்நூறு குறைந்தாலும் சந்தேகம் யார் மேல் போகும்?

5. பெற்றோர் வீட்டிலேயே பதினைந்து நாள் ஒத்திகை

எல்லோரும் தாண்டிப்போகிற படி இது. வெளியாள் ஒருவரைப் பதினைந்து நாளுக்குச் சம்பளம் பேசி வரச்சொல்லி, உங்கள் நோட்டில் உள்ள எல்லா வேலையையும் அவரிடம் மட்டும் வாங்குங்கள். வீட்டார் அறைக்குள் வரக்கூடாது.

இதில் சோதனை உங்களுக்குத்தான். அம்மாவுக்கு நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை. புதியவருக்கு ஒவ்வொன்றையும் வாயால் சொல்ல வேண்டும். எங்கே பிடிக்க வேண்டும், எந்தக் காலை முதலில் மடக்க வேண்டும், பேண்ட் மடிப்பு எங்கே சுருண்டிருக்கிறது என்று. சொல்லத் தெரியாமல் தனி வீடு போனால் அங்கே சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

என் ஒத்திகையின் மூன்றாம் நாள் காலை. வந்திருந்தவர் சட்டை மாட்டத் திணறிக்கொண்டிருந்தார். அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

"தள்ளுப்பா தம்பி, அவனுக்கு இடது கைதான் மொதல்ல."

"அம்மா, வெளிய போங்க. நான் சொல்லிக்கிறேன்."

"காபி ஆறிப் போகுதுடா."

"ஆறட்டும்மா."

அன்றைக்கு ஆறிய காபிதான் குடித்தேன். ஆனால் சட்டை மாட்டும் வரிசையை நான் முதல்முறையாக வாயால் சொன்னது அன்றுதான். அதுவரை எந்தக் கை முதலில் என்பதே எனக்குத் தெரியாது.

பதினைந்து நாளில் நான்கு நாளாவது சொதப்பும். அந்த நான்கு நாளைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

6. வீடு: குளியலறையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஹால் பெரிதாக இருக்கிறது என்று மயங்காதீர்கள். நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவை அளங்கள். வாடகை வீடுகளில் குளியலறைக் கதவுதான் எல்லாக் கதவிலும் குறுகல். நிலையின் அளவு வேறு, கதவு திறந்து நின்றபின் மிஞ்சும் வழி வேறு. மிஞ்சுவதை அளக்க வேண்டும். இரண்டு அங்குலம் போதவில்லை என்றால், ஓனர் சம்மதத்தோடு கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரை போடலாம். புதிதாகக் கட்டுபவர்களுக்கு அரசு வழிகாட்டி சொல்வது 900 மில்லிமீட்டர் வழி, உள்ளே திரும்ப 1,500 மில்லிமீட்டர் வட்டம். வாடகைக்கு அப்படிக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அளவு சரியென்றாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் கமோடு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் உள்ளே உருட்டிப் பாருங்கள். டேப்பில் தெரியாதது அங்கே தெரியும்: வாசலில் ஒரு அங்குலத் தடுப்பு, கதவு மோதுகிற வாஷ் பேசின், மேலைநாட்டுக் கமோடு இருந்தும் நாற்காலி அதன்மேல் ஏறாமல் இடிக்கிற ஃப்ளஷ் டேங்க்.

அடுத்தது வாசல். சாய்தளத்துக்கு 1க்கு 12 என்பது கணக்கு. அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அங்குலம், 18 அடி நீளச் சாய்தளம். நம் தெருக்களில் அதற்கு இடம் எங்கே? அதனால் ஒரு படிக்கு மேல் உள்ள வீட்டை நான் பார்க்கவே போவதில்லை. பலகை போட்டுச் செங்குத்தாக ஏற்றிவிடலாம் என்று வீட்டுக்காரரும் புரோக்கரும் சொல்வார்கள். தள்ளப்போவது அவர்கள் இல்லை.

தரைத்தளம்தான் வேண்டும். லிப்ட் இருக்கிறதே என்றால், மின்சாரம் போனால் லிப்ட்டும் போகும். தரைத்தளத்துக்கு மேலே இன்னொரு மாடி இருப்பது இன்னும் நல்லது. கழுத்திலும் மேல்முதுகிலும் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடம்பு சூட்டை வெளியேற்றத் தெரியாது. திருச்சி அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே ஒரு மதியம் படுத்திருந்தால் காய்ச்சல் வந்தது போலாகிவிடும். ஈரத்துண்டும் தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலும் எப்படியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நான் பார்த்த ஒரு வீட்டின் ஓனர், "வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிடாதீங்க தம்பி" என்றார். அவரிடம் வாதாடவில்லை. எதையெதை மாட்டப்போகிறோம், காலி செய்யும்போது எதைக் கழற்றி எப்படிப் பூசிக்கொடுப்போம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். வாடகை ஒப்பந்தத்தோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. சூடான பாத்திரத்தை ஒருபோதும் மடியில் வைக்காதீர்கள். லேப்டாப்பும் அப்படித்தான். சுடுவது தெரியாது, கொப்புளம் எழும்பியபின்தான் தெரியும்.

7. ஆள்: ஒருவர் வேண்டாம், இருவர்

ஒரே ஆளை நாள் முழுக்க வைத்தால் அவர் ஊருக்குப் போகிற அன்று உங்கள் வீடு நின்றுவிடும். நோட்டில் உள்ள நேரத்தைக் காலை ஆள், இரவு ஆள் என்று பிரியுங்கள். எனக்குக் காலையில் வருபவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு மணிக்கு வந்து ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுவார், மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி எட்டிப்பார்ப்பார். இரவு ஆள் ஒன்பதுக்கு வந்து ஹாலில் படுப்பார், ஐ.டி.ஐ. படிக்கும் பையன். முழுநேர அட்டெண்டர்களைவிட வேறு தொழிலும் உள்ளவர்கள் அதிக நாள் நிலைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு நம் வீடு மட்டுமே உலகம் இல்லை.

பேசும்போது கஷ்டமான வேலையை முதலில் சொல்லுங்கள். "தம்பி, குளிப்பாட்டுறது, தூக்குறது எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி, கையுறை போட்டு மலம் எடுக்கணும். முடியுமா, யோசிச்சுச் சொல்லுங்க." இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, நான்காம் நாள் காலையில் சொன்னால், ஐந்தாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப். முகம் சுளிப்பவரைத் தப்பு சொல்லவும் முடியாது, சொல்லாமல் கூப்பிட்டது நாம்.

சரி என்பவரை மூன்று நாள் கூலி கொடுத்து வரச்சொல்லிப் பாருங்கள். வேகமாகச் செய்பவரைவிட, "இப்படியாண்ணே?" என்று நிறுத்திக் கேட்பவரைப் பிடியுங்கள். உங்களிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் நிற்கும் உங்கள் அண்ணனிடம் கேட்பவர் வேண்டாம்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நேரம், சம்பளத் தேதி, வார விடுமுறை, லீவுக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எதெல்லாம் அவர் வேலையில்லை. கடைசியாகச் சொன்னது முக்கியம். உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு டீ போடுவது அவர் வேலையில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடையாள அட்டை நகல் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்பு இருக்கிறது, செய்துவிடுங்கள். உங்களுக்கு உதவியாளர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏஜென்சி "இப்போதைக்கு இவரை வச்சுக்கோங்க" என்றால் வீடு மாறுவதைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுப்பதும், தூரத்துச் சொந்தக்காரப் பையனை வைப்பதும் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள். முன்பணம் வாங்கியவரிடம் வேலை சொல்ல வாய் வராது. சொந்தக்காரனை நிறுத்த முடியாது.

8. வேலை பழக்குவது

கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை, பழைய உதவியாளருடையது இல்லை. பழையவர் கற்றுக்கொடுத்தால் அவருடைய குறுக்குவழியெல்லாம் சேர்ந்து வரும்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம். நான் சொல்லும் வரிசை இது: "வீல்சேரைச் சாய்வா ஒட்டி வைங்க. ரெண்டு பிரேக். ஆட்டிப் பாருங்க. கால் பலகையை மடக்குங்க. பக்கத்துக் கைப்பிடியைக் கழட்டுங்க. இப்ப பேக்." பேக் என்ற சொல் வந்ததும் அவர் கட்டில் கம்பியில் தொங்கும் யூரின் பையை எடுத்து என் காலில் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகை. எதைவேண்டுமானாலும் மறக்கலாம், பை கட்டிலில் தொங்க உடம்பு வீல்சேருக்குப் போனால் டியூப் இழுபட்டு இரத்தம் வரும். வலி தெரியாததால் நாமும் கத்தமாட்டோம்.

குளிக்கும் தண்ணீரை உணர்வுள்ள இடத்தில், அதாவது முகத்திலோ தோளிலோ, முதலில் ஊற்றச் சொல்லுங்கள். ஆளுடைய கை பொறுக்கும் சூடு வேறு, நம் தோல் தாங்கும் சூடு வேறு.

முதல் பத்து நாள் ஒவ்வொரு முறையும் முழு வரிசையையும் சொல்லுங்கள். "அதான் தெரியும்ணே" என்பார். சொல்லுங்கள்.

9. அவசரம்

டி6 மட்டத்திலும் (நெஞ்சுப் பக்க முதுகில் ஆறாவது முள்ளெலும்பு) அதற்கு மேலும் அடிபட்டவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியே ஆக வேண்டும். திடீரென்று தலை வெடிப்பது போல வலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, கீழே உடம்பு சில்லிட்டுப் புல்லரிப்பது, இவை ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது. படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட வேண்டும். பெல்ட், இறுக்கமான துணி, காலில் கட்டிய பட்டை எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அது சரியாக இருந்தால் மலச்சிக்கல், பிறகு ஏதாவது குத்துகிறதா, அழுத்துகிறதா. காரணம் கிடைக்கவில்லை அல்லது தணியவில்லை என்றால் 108.

நம்மில் பலருக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90, 100தான். 140 என்றால் மற்றவர்களுக்குச் சாதாரணம், நமக்கு அபாயம். ஒருமுறை இரவு அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தவர் "140தானே, டென்ஷன் ஆகாதீங்க" என்று படுக்க வைக்கப் பார்த்தார். அதிலிருந்து என் வழக்கமான அழுத்தமும் இந்த நோயின் பெயரும் செய்ய வேண்டியதும் எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்கிறது. நீங்களும் எழுதி உங்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஏர்பெட் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், மின்சாரம் போனால் காற்று இறங்கி உடம்பு பலகையில் கிடக்கும். ஒரு சாவி பக்கத்து வீட்டில். போன் கழுத்தில் தொங்கட்டும், குரலால் அழைக்கும் வசதியோடு. காலை ஆள் ஆறரை வரை வராவிட்டால் யாருக்கு முதல் போன், அவர் எடுக்காவிட்டால் யாருக்கு, அதற்கும் பின்னால் யாருக்கு என்று மூன்று பெயர். மூன்றில் ஒருவராவது நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த மூவரையும் ஒருமுறையாவது நிஜமாகவே கூப்பிட்டுப் பழக்குங்கள்.

10. முதல் மூன்று மாதம்

ஞாயிறு காலை அரைமணி நேரம் இரண்டு உதவியாளர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்கள் குறையையும் கேளுங்கள். இரவு ஆளுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் நான் பார்க்கும் கிரிக்கெட் என்பது அப்படித்தான் தெரிந்தது.

தோலில் வெளுக்காத சிவப்பு, காய்ச்சலோடு கலங்கிய சிறுநீர், ஒரே வாரத்தில் இரண்டு நாள் ஆள் வராதது. இவற்றில் எதுவும் வந்தால் அன்றே பெற்றோர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுங்கள், வீட்டைக் காலி செய்யாமல். புண்ணோடு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால் பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். வாடகை அதைவிட மலிவு.

மூன்றாம் மாத முடிவில் ஏழு நாள் நோட்டை மறுபடி போடுங்கள். எனக்கு 320 நிமிடம் 250 ஆகியிருந்தது. காலையில் மட்டும் 45 நிமிடம் குறைந்திருந்தது. துணிகளை மாட்டும் வரிசையில் முந்தின இரவே நாற்காலியில் அடுக்கி வைத்தது, குளியலறைக்குள் கொக்கி அடித்து எல்லாவற்றையும் தொங்கவிட்டது, இந்த இரண்டும்தான் காரணம். மிச்சமான நேரத்துக்கு ஆட்டோக்காரரிடம் புது நேரம் பேசினேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை. காலையில் ஒன்பதுக்கே கிளம்பிவிடுகிறார், பள்ளிக்கூடச் சவாரி ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது அவருக்கு.